சகமோட்டோ டேஸ்: நாலு எபிசோடு ஆச்சு, தொடரலாமா விட்டுவிடலாமா?

அரைத்தூக்கம்:
வணக்கம் மக்களே. ஊரே பேசுகிறதே என்று சகமோட்டோ டேஸ் அனிமேயை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) ஆரம்பித்து நாலு எபிசோடு முடித்துவிட்டேன். கதை ரொம்பப் பிடித்திருக்கிறது. பெயரைக் கேட்டாலே மற்ற கொலையாளிகள் நடுங்குகிற டாரோ சகமோட்டோ, கடையில் வேலை பார்க்கும் அவோயைப் பார்த்த மாத்திரத்தில் காதலில் விழுந்து, தொழிலுக்கு முழுக்குப் போட்டு, கல்யாணம் பண்ணி, ஹனா என்று ஒரு பெண் குழந்தையும் பெற்று, உடம்பு ஊதி, இப்போது மூக்குக்கண்ணாடியும் மீசையுமாகத் தெருமுனையில் கடை நடத்துகிறார். இந்த ஆளை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ஆனால் சண்டை வரும் இடங்களில் பாதி நேரம் படம் உறைந்து நிற்பது போல இருக்கிறது. ஒரு அடி, ஒரு வெட்டு, அடுத்த ஷாட்டில் எதிரி தரையில் கிடக்கிறான், நடுவில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. எனக்குத்தான் பிடிபடவில்லையா? அப்புறம் நண்பன் ஒருவன் இது ஸ்பை ஃபேமிலி என்ற இன்னொரு அனிமேயின் காப்பி என்று அடித்துச் சொல்கிறான், இங்கே கடையில் வேலை பார்க்கும் ஷின் மாதிரி அதிலும் மனசைப் படிக்கிற ஒரு ஆள் உண்டாம். கடைசியாக ஒன்று: பத்து வயது மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். போகப்போக ரத்தம் கூடுமா?

மங்காப்புழு:
உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. இதன் மூலமான, யூட்டோ சுஸுகி வரைந்த மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 2020 நவம்பரில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கியது. அப்போதிருந்து வாராவாரம் படிக்கிற கூட்டம் கதைக்காகக்கூட அவ்வளவு பேசவில்லை, சண்டையை அவர் அடுக்கும் விதத்துக்காகத்தான் பேசியது. ஒரு படக்கட்டத்தில் தட்டிவிட்ட பொருள் இரண்டு பக்கம் தள்ளி எங்கே வந்து விழும், படிக்கட்டு எந்தப் பக்கம், யார் முதுகு எந்தச் சுவரில் இருக்கிறது, எல்லாமே படிக்கிறவருக்குத் தெரியும். அடிக்கும் அடிக்கும் நடுவில் உடம்பு எப்படித் திரும்புகிறது என்பதுதான் அங்கே ருசியே. 2025 ஜனவரியில் வந்த அனிமேயின் முதல் பாதி அந்த நடுப்பகுதியைத்தான் விழுங்கிவிட்டது. தயாரித்த டிஎம்எஸ் சின்னக் கம்பெனியும் இல்லை, லூபின், கோனன் என்ற புகழ்பெற்ற தொடர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான், அதனால்தான் இன்னும் எரிச்சல். வாண்டி பாடிய ஓப்பனிங் பாட்டில் இருக்கிற துள்ளலில் பாதி எபிசோடுக்குள் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சரி, அதையும் மீறி ஏன் பார்க்கலாம் என்றால், அவோய் போட்ட அந்த விதிக்காக. யாரையும் கொல்லக் கூடாது, கொன்றால் விவாகரத்து. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் காமெடி. ஆனால் கதை முழுக்க அச்சாணி அதுதான். ஒரு தோட்டாவில் முடிகிற வேலையை இந்த ஆள் பத்து நிமிடம் சுற்றி வளைத்து, கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஆயுதமாக்கி, எதிரிக்கு உயிர் மட்டும் மிஞ்சும்படி செய்ய வேண்டியிருக்கிறது. தன் தலைக்கு 100 கோடி யென் விலை வைத்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள், வருகிறவன் கொல்லத்தான் வருகிறான், அவனைச் சாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இவர் தலையில்! ஒவ்வொரு சண்டையையும் வரைபவர் புதிதாக யோசித்தே ஆக வேண்டும், இரண்டு முறை ஒரே வித்தையைக் காட்ட முடியாது.

சப்டைட்டில் சாமி:
மேலே சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன், மீதிக்குச் சண்டை போடுகிறேன். சண்டைக்காட்சியில் மங்கா ஜெயிக்கிறது, சரி. சிரிப்பில் அனிமேதான். சகமோட்டோவுக்குக் குரல் கொடுப்பவர் தொமொகாசு சுகிதா. கின்டாமா என்ற காமெடி அனிமேயின் நாயகன் கின்டோகிக்கும் குரல் அவர்தான், அந்தக் கின்டோகி வாய் ஓயாத ஆள். அவரைக் கூட்டிவந்து இங்கே 'ம்' கொட்ட வைத்திருக்கிறார்கள். அந்தக் குரலைத் தெரிந்தவர்களுக்கு அந்த மௌனமே பெரிய ஜோக். (இன்னொரு கூத்து, இதை லைவ் ஆக்‌ஷனாக நிஜ நடிகர்களோடு எடுக்கும் பொறுப்பு போனது யூயிச்சி ஃபுகுடாவிடம், 2017இல் கின்டாமாவைப் படமாக்கியவரும் அவரே.)

காப்பி விஷயத்துக்கு வருகிறேன். மனசைப் படிப்பது மட்டும்தான் பொது, பயன்படுத்துகிற விதம் வேறு வேறு. ஸ்பை ஃபேமிலியில் புருஷன் ஒற்றன் என்று பெண்டாட்டிக்குத் தெரியாது, அவள் கொலைகாரி என்று அவனுக்குத் தெரியாது, இரண்டும் தெரிந்த ஒரே ஜீவன் மனசைப் படிக்கிற மகள் ஆன்யா, அவள் வெளியே சொல்லவும் முடியாது. ரகசியம்தான் அந்தக் கதைக்கு எரிபொருள். இங்கே வீட்டில் ரகசியமே இல்லை. அவோய்க்குப் புருஷனின் பழைய தொழில் தெரியும், தெரிந்துதான் விதி போட்டாள். ஷின் இருப்பது வேறு காரணத்துக்காக: முதலாளி வாயைத் திறப்பதில்லை, அதனால் அவர் மனசில் ஓடுவதை நமக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதோடு, நிஜத்தில் கொல்லக் கூடாதே தவிர கற்பனையில் கொல்லத் தடை இல்லையே! சகமோட்டோவுக்குக் கோபம் வந்தால் மனசுக்குள் ஷின்னைக் குத்திப்போடுகிறார், பாவம் அந்தப் பையன் அதைக் கண்கூடாகப் பார்த்துத் தொலைக்கிறான். உங்கள் நண்பர் அந்த இடத்துக்குச் சிரிக்கவில்லை என்றால் அவரோடு இனி படம் பார்க்காதீர்கள்.

வெறும்பார்வையாளன்:
எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் விட்டுவிட்டவன். காரணம் அனிமேஷன் இல்லை. குடும்பஸ்தன் கதை என்று நம்பித்தான் உள்ளே போனேன். கடை, கல்லா, பொண்டாட்டி, பிள்ளை, நடுவில் கொலைகாரர்கள் வந்து தொந்தரவு செய்வது என்று முதல் சில எபிசோடுகள் அப்படித்தான் இருந்தன, அருமையாகவும் இருந்தன. போகப்போகக் கொலையாளிகள் சங்கம், அதற்கு மேலே ஆர்டர் என்று ஒரு தனிப்படை, ஸ்லர் என்று ஒரு மர்ம வில்லன், எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. அவோயும் ஹனாவும் எப்போதாவது எட்டிப்பார்க்கிறார்கள். விதியைப் போட்டவளுக்கே கதையில் இடம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? இதே மாதிரி கொல்லக் கூடாது என்ற கட்டளையோடு ஒரு கொலையாளி ஒசாகாவில் ஒரு வருஷம் சாதாரண மனுஷனாக வாழும் 'தி ஃபேபிள்' இருக்கிறது, 2024இல் அனிமேயாக வந்தது. அது கடைசிவரை அந்த ஒரு விஷயத்தை விட்டு நகராது. பெரியவர்கள் பார்ப்பதற்கு மட்டும்.

மங்காப்புழு:
அவோய் பற்றிய குறை நியாயம்தான், அதற்குப் பதில் இல்லை. ஆனால் ஆர்டர் வந்ததால் கெட்டுப்போனது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆர்டரில் இருக்கும் நகுமோ இல்லாமல் இந்தத் தொடரை யோசிக்கவே முடியாது.

கேள்வி கேட்டவருக்கு: மகளோடு பார்ப்பதை முதல் பாதியோடு நிறுத்துங்கள். 2025 ஜூலையில் வந்த இரண்டாம் பாதியில் மரண தண்டனைக் கைதிகள் நாலு பேர் டோக்கியோவுக்கு வருகிறார்கள், அவர்களில் ஒருவன் ஆளை நூலால் அறுக்கிறவன். சண்டைகள் அங்கேதான் கொஞ்சம் உயிர் பெறுகின்றன என்பது வேறு விஷயம், நீங்கள் மட்டும் அவள் தூங்கிய பிறகு பாருங்கள். மங்காவை ஒரு முறையாவது ருசி பார்க்க வேண்டும் என்றால் மங்கா பிளஸ் என்ற இணையதளத்தில் முதல் மூன்று அத்தியாயம் ஆங்கிலத்தில் இலவசம். அதே காட்சியை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் ஏன் புலம்புகிறேன் என்று புரியும்.

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முதல் அத்தியாயம் படித்தேன், புழு சொன்னது சரிதான், அனிமேயில் எனக்கு விடுபட்டுப்போன துண்டுகள் எல்லாம் அங்கே இருந்தன. தொடர்வதாக முடிவு, மகளோடு 11ஆவது எபிசோடு வரை மட்டும். அவளுக்குச் சண்டை, விதி, காப்பி எதைப் பற்றியும் கவலை இல்லை. பெரிய சண்டை போட்டால் கலோரி கரைந்து அந்த மாமா ஒல்லியாகிவிடுவார் என்று நான் முன்கூட்டியே சொல்லித் தொலைத்துவிட்டேன். அப்படியானால் அடுத்த எபிசோடில் மறுபடி குண்டாவதற்குள் கடைச் சரக்கு எவ்வளவு தின்றிருப்பார், அதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்கிறாள். யாருக்காவது தெரியுமா?