கார் இல்லாமல் சுற்ற நாகையா, காரைக்காலா?

வணக்கம். தர்மபுரியிலிருந்து அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பொங்கல் லீவில் கடலோர ஊர் ஒன்றில் தங்கி, தினம் ஓரிடம் போய்வர ஆசை. கார் கிடையாது, பஸ்ஸும் ரயிலும்தான்.

நாகையில் தங்கினால் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் பக்கம். காரைக்கால் என்றால் திருநள்ளாறு, அப்புறம் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய தரங்கம்பாடிக் கோட்டை. எனக்குக் காரைக்கால்தான் சரியென்று படுகிறது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ் படி உயரமென்றால் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத்தான் ஏறுவார்; நின்றுகொண்டு வரவே முடியாது.

தரங்கம்பாடியிலிருந்து சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா? மெயின் ரோட்டிலிருந்து கோட்டைவரை ஆட்டோ உண்டா? பஸ் ஸ்டாண்டை ஒட்டி, கீழ்த்தளத்தில் அறை தரும் விடுதி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.