தாத்தா ஸ்டுடியோவின் கண்ணாடி நெகட்டிவ்களை டிஜிட்டல் பிரதி எடுக்கக் கேட்கிறார்கள், வெளிநாட்டு நிதியாம். கொடுக்கலாமா?

குடந்தைப் பேரன்:

வணக்கம். கும்பகோணத்தில் 1930களில் என் தாத்தா ஆரம்பித்த போட்டோ ஸ்டுடியோ, அப்பா காலத்தோடு மூடியாயிற்று. மாடியறையில் மரப்பெட்டிகளில் கண்ணாடி நெகட்டிவ்கள் சில நூறு தேறும். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பிலிம் நெகட்டிவ், பில் புத்தகங்கள், அட்டையில் ஒட்டிய பிரிண்டுகள் இவையும் உண்டு.

போன மாதம் ஒரு ஆய்வு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். இங்கேயே ஆள் வைத்துப் பிரதி எடுப்பார்களாம். பணம் லண்டன் நூலகம் ஒன்றிலிருந்து வருமாம். பிரதி அங்கேயும் போகும், அசல் எங்களிடமே இருக்கும் என்கிறார்கள். பெரியப்பா மசியவில்லை. "சிலை போனது போதாதா, இதையும் தூக்கிக் கொடுக்கணுமா" என்கிறார். சித்தப்பா வேறு ரகம். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு அறையை வாடகைக்கு விடலாம் என்கிறார்.

இவர்களை நம்பலாமா? கொடுப்பதானால் முன்கூட்டித் துடைத்து வைக்க வேண்டுமா?

மேசை விளக்கு:

தம்பி, முதலில் மாடிச் சாவியை சித்தப்பாவிடமிருந்து வாங்குங்கள். பெரியப்பாவை அப்புறம் சமாதானப்படுத்தலாம். நெகட்டிவ்வில் வெள்ளி இருக்கிறது என்று கிலோ கணக்கில் விற்றுத் தீர்த்த ஸ்டுடியோக்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இந்த மாதிரி ஒரு திட்டத்தில் பிரதி எடுக்கும் மேசையில் சில வருடம் இருந்தவள் நான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரிட்டிஷ் நூலகத்தின் 'எண்டேஞ்சர்ட் ஆர்க்கைவ்ஸ் புரோகிராம்', அதாவது அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைப் பிரதி எடுத்துக் காக்கும் திட்டமாகத்தான் இருக்கும். 2004இல் தொடங்கியது, ஆர்க்கேடியா என்ற அறக்கட்டளை பணம் தருகிறது. அதில் அசல் நாட்டைவிட்டு நகரக்கூடாது என்பது விதி. ஒரு பிரதி உள்ளூர் நிறுவனத்தில், ஒன்று லண்டனில். அந்தப் பணத்தில் வாங்கிய கேமராகூட இங்கேயே தங்கிவிடும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களையே இந்த நிதியில் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. ஆக, உங்களிடம் வந்து கேட்பது புதுசு ஒன்றும் இல்லை.

பெரியப்பாவின் பயத்தை நான் தப்புச் சொல்ல மாட்டேன். அவரிடம் ரோஜா முத்தையா கதையைச் சொல்லிப் பாருங்கள். கோட்டையூரில் அவர் ஆயுசு முழுக்கச் சேர்த்த புத்தகங்களையும் நோட்டீசுகளையும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கிய பிறகும் சென்னையிலேயே வைத்து நூலகமாக்கினார்கள். இன்றைக்கும் தரமணிக்குப் போனால் பார்க்கலாம். காசு வெளியிலிருந்து வந்தால் பொருளும் வெளியே போயே தீரும் என்பது இல்லை. ஆனால் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருடம் தாண்டியதைத்தான் காக்கும், உங்கள் தாத்தாவின் கண்ணாடித் தட்டுகளுக்கு, அதாவது அந்த நெகட்டிவ்களுக்கு, இன்னும் நூறு ஆகவில்லை. அசல் வீட்டைவிட்டுப் போகாது, போனால் எத்தனை நாளில் திரும்பும், முழு அளவு கோப்புகள் ஒரு செட் குடும்பத்துக்கு வேண்டும், இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வாட்ஸப்பில் அனுப்பும் குட்டிப் படம் ஒரு செட் ஆகாது!

துடைப்பது பற்றிக் கேட்டீர்களே, அதுதான் எனக்குப் பகீர் என்றது. தொடவே தொடாதீர்கள். தட்டின் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், அது வெறும் கண்ணாடி. மங்கலான பக்கம்தான் படம், ஜெலட்டின் பூச்சு. தண்ணீர் பட்டால் ஊறி உரிந்து வரும். அந்த மங்கல் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முகத்தின் மேல் பென்சில் கிறுக்கல் தெரியும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே நிழல், கழுத்துச் சுருக்கம், எல்லாவற்றின் மேலும் பொடிப்பொடியாக. அதுதான் டச்சிங். நெகட்டிவ்வில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக விழும். கல்யாணத்துக்குக் காட்டும் படத்தில் பெண் சிவப்பாகத் தெரிந்த ரகசியம் அந்தப் பென்சில்தான். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உங்கள் தாத்தாவின் கைவேலை போயே போச்சு. ஓரத்தில் சிவப்புப் பூச்சு இருந்தாலும் அழுக்கு என்று சுரண்டாதீர்கள், பின்னணியை மறைக்க அவரே பூசியிருப்பார்.

தட்டுகளைப் படுக்கையாக அடுக்கியிருந்தால் அடித்தட்டு பாரம் தாங்காது. நீளப் பக்கம் கீழே வருகிற மாதிரி நிறுத்தி வையுங்கள், இடையில் வெறும் வெள்ளைத்தாள் போதும், செய்தித்தாள் கூடாது. உடைந்ததை செல்லோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். துண்டுகளை ஒரே உறையில் போட்டால் சரி, மேசையில் சேர்த்து வைத்துப் படமெடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. வந்தவர்கள் பில் புத்தகங்களைப் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் நீங்கள் எடுத்துக் காட்டுங்கள். உறையில் ஒரு நெகட்டிவ் நம்பர் இருக்கும், பில்லில் அதே நம்பருக்கு எதிரே பெயரும் தெருவும் தேதியும் இருக்கும். அது இல்லாவிட்டால் லண்டனில் என்ன, சந்திரனில் கொண்டுபோய் வைத்தாலும் 'பெயர் தெரியாத குடும்பம்' என்றுதான் கிடக்கும். நான் இருந்த இடத்தில் அப்படி ஆயிரக்கணக்கில் கிடந்தன. நிதிக்கு முடிவு தேதி இருந்ததால் எண்ணிக்கையைத்தான் துரத்தினார்கள், ஊர் ஊராய்ப் போய் யார் எவர் என்று விசாரிக்க ஒதுக்கிய நாள் சொற்பம். எனக்கு இந்த வெளிநாட்டுத் திட்டங்களில் உள்ள குறை இது ஒன்றுதான். பெரியப்பாவை எதிர்ப்பக்கம் நிறுத்தாமல் அந்த விசாரிப்பு வேலைக்கு உட்கார வையுங்கள், பாதி முகங்களை அவரே சொல்லிவிடுவார்.

கோர்ட்டுக்காரன்:

அக்கா சொன்னதோடு ஒரு விஷயம். படங்கள் உங்கள் சொத்து என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். தட்டு உங்களுடையது. ஆனால் நம் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. பழைய படங்கள் பலவற்றுக்குக் காலக்கெடு முடிந்திருக்கும், அது வேறு கணக்கு. சட்டத்தை விடுங்கள், அந்தக் காலத்து ஸ்டுடியோவில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படங்களும் இருக்குமே? அது இணையத்தில் வந்து பேரப்பிள்ளைகள் பார்த்தால் என்ன ஆகும்? எது பொதுவில், எது ஆய்வாளர் பார்வைக்கு மட்டும் என்று பிரிக்கும் உரிமை உங்களிடம் இருக்கட்டும்.

நல்லூரான்:

நான் யாழ்ப்பாணம். 1981இல் எங்கள் நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகங்கள் போனதாகச் சொல்வார்கள். வேறு எங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. அதனால் இன்னொரு நாட்டில் பிரதி இருப்பதை நான் பெரும் பாதுகாப்பாகவே பார்க்கிறேன். ஆனால் லண்டனை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். 2023 ஒக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கியபோது அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் படுத்துவிட்டன. பக்கத்து ஊரிலேயே ஒரு வன்தட்டு இருந்தவர்களுக்குத்தான் நிம்மதி. அந்த அக்கா சொன்ன குடும்பத்து செட்டைக் கட்டாயம் கேளுங்கள் அண்ணா, கேட்டதை இரண்டு வீடுகளில் வையுங்கள்.

குடந்தைப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. சாவி என்னிடம் வந்துவிட்டது. பெரியப்பாவிடம் ரோஜா முத்தையா கதையைச் சொன்னேன், "சென்னையில் இருந்தால் சரி, கும்பகோணத்தில் இருந்தால் இன்னும் சரி" என்றார். பில் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஒரு சந்தேகம்: டிரங்குப் பெட்டியைத் திறந்தால் காடி வாசனை குப்பென்று வருகிறது. பயப்பட வேண்டுமா?

மேசை விளக்கு:

ஆமாம், அது அவசரம். பிலிம் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகையாக இருந்தால், கெட ஆரம்பிக்கும்போது வரும் அமில வாடை அது. பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். வாடை அடிப்பதைத் தனியே பிரித்து, மூடிய டின்னில் வைக்காமல் காற்றோட்டமான அட்டைப்பெட்டிக்கு மாற்றுங்கள். மாடியறைச் சூடு ஆகாது, கீழே குளுமையான அறைக்குக் கொண்டுவாருங்கள். சுருண்டு போனதை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். நிறுவனத்துக்காரர்களிடம் கண்ணாடித் தட்டுக்கு முன்னால் இந்தப் பெட்டியைப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி காத்திருக்கும், இது காத்திருக்காது.