குடும்பக் குழு: ஞாயிறுக்குள் டெத்தைத் தாண்ட வேண்டும்

வருண்: யாராவது உதவி பண்ணுங்க. ஞாயிற்றுக்கிழமை திவ்யா அக்காவிடம் கேம் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேஸில்வேனியா கேமில் ஸ்டேஜ் 15லேயே நிற்கிறேன், அதன் முடிவில் வரும் டெத் என்ற பாஸிடம் (பெரிய எதிரி) போகவே முடியவில்லை.

திவ்யா அக்கா: ஞாயிறு கண்டிப்பாக வேண்டும். போன தடவை மாதிரி இழுக்காதே.

மாலதி அத்தை: அந்தப் பேய்க் கோட்டை கேம்தானே? நிலா அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறாள்.

வருண்: அவள் மம்மி பாஸ் வரைக்கும் கூடவே உட்கார்ந்து பார்த்தாள் அத்தை.

ரவி சித்தப்பா: இரு வருண், விவரமாகச் சொல்கிறேன். இது 1986இல் கோனாமி நின்டெண்டோவின் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்ற கேம் மெஷினுக்குப் போட்ட கேம். குதித்த பிறகு நடுவானில் திரும்ப முடியாது. சாட்டையும் பட்டனை அழுத்தியதும் வீசாது, கை பின்னால் போய்த்தான் முன்னால் வரும். அடி பட்டால் நாம் ஆட்டுவிக்கும் ஹீரோ சைமன் பின்னால் தூக்கி எறியப்படுவான். அங்கே பள்ளம் இருந்தால் முடிந்தது. ஆகவே எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்க்காதே, எங்கே வரப்போகிறான் என்று பார்.

வருண்: அதெல்லாம் தெரியும் சித்தப்பா. டெத்துக்கு முன்னால் வரும் அந்த காரிடார்!

சுந்தர் பெரியப்பா: ரவி ஆரம்பித்துவிட்டான்.

ரவி சித்தப்பா: என் மெஷினை யாரோ தூக்கிக் கொடுத்தார்களே, அந்த வாரம்தான் கடைசி பாஸ் டிராகுலா வரைக்கும் போயிருந்தேன் அண்ணா.

சுந்தர் பெரியப்பா: அப்போது உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இன்னும் அதையே பேசுவாயா?

மாலதி அத்தை: போதும் இரண்டு பேரும்.

ரவி சித்தப்பா: சரி, காரிடார். கோடரி வீசும் கவச வீரர்கள் ஒரு பக்கம், அலைபோல் மேலும் கீழுமாகப் பறந்து வரும் மெடுசா தலைகள் இன்னொரு பக்கம். இந்தக் கட்டத்தில் ஒரு அடிக்கு நான்கு கோடு குறையும், மொத்தமே 16 கோடு. ஹோலி வாட்டரை (புனித நீர்) வீரனின் காலடியில் வீசு, விழுந்த இடத்தில் தீப்பிடிக்கும். அந்தத் தீ எரியும்வரை அவன் அசைய மாட்டான், நீ சாட்டையால் அடித்துக்கொண்டே இரு.

வருண்: என்னிடம் கோடரிதான் இருக்கிறது.

ரவி சித்தப்பா: மாற்று. டெத்துக்கும் அதுதான். அடுத்தடுத்து இரண்டு, மூன்று வீச விடும் டபுள் ஷாட், டிரிபிள் ஷாட் இருந்தால் தீ அணைவதற்குள் அடுத்ததை வீசலாம், அவன் அரிவாள்களைக் கிளப்பவே விடாதே. இதயங்களைச் சேர்த்துக்கொண்டே போ. அவை உயிர் ஏற்றாது, வீசுவதற்குத்தான். செத்தால் ஹோலி வாட்டரும் போகும், சாட்டையும் பழையபடி குட்டையாகும், ஞாபகம் வைத்துக்கொள்.

திவ்யா அக்கா: எதற்கு இவ்வளவு? இதில் இருப்பது பழைய கேஸில்வேனியா கேம்களைச் சேர்த்து 2019இல் வந்த தொகுப்பு. எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம். டெத் கதவுக்கு முன்னால் சேமித்துவிட்டுப் போ.

ரவி சித்தப்பா: கூடாது.

திவ்யா அக்கா: ஃபேமிகாம் டிஸ்கிலேயே சேமிக்கிற வசதி இருந்ததே சித்தப்பா?

ரவி சித்தப்பா: அது வந்து சேர்ந்த ஸ்டேஜை வைத்துக்கொள்ளும். சண்டைக்கு ஒரு அடி முன்னால் சேமிப்பது வேறு. அந்தக் காரிடாரை நடுங்கிக்கொண்டே கடந்து வந்தால்தான் டெத் முன்னால் நிற்பதற்கு அர்த்தம். கன்டினியூ எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கிறார்களே, அது போதும்.

சுந்தர் பெரியப்பா: பையன் சேமித்துக்கொள்ளட்டும் ரவி.

மாலதி அத்தை: ஆரம்பத்தில் வரும் இசை மட்டும் எனக்குப் பிடிக்கும். வருண் வந்துபோனால் இரண்டு நாள் வாயிலேயே ஓடுகிறது.

ரவி சித்தப்பா: கினுயோ யாமாஷிதாவும் சடோயே தெராஷிமாவும் போட்டது அக்கா. இரண்டு பேரும் பெண்கள்.

மாலதி அத்தை: அப்படியா! ஒலிக்கோப்பு இருந்தால் அனுப்பு.

வருண்: சித்தப்பா!! ஹோலி வாட்டர் கிடைத்தது. முதல் வீரன் அப்படியே நின்றுவிட்டான்.

ரவி சித்தப்பா: இரண்டாவது வீரனிடம் ஓடாதே. மெடுசா தலை கீழே இறங்கிக் கடந்த பிறகு போ.

வருண்: டெத்தைப் பார்த்தேன். பாதி உயிர் எடுத்துவிட்டேன், அரிவாள் முதுகில் பட்டுச் செத்தேன்.

திவ்யா அக்கா: அதனால்தான் சேமிக்கச் சொன்னேன்.

ரவி சித்தப்பா: பாதி எடுத்துவிட்டானே! ஞாயிறு காலை நானே வருகிறேன். டெத் போனாலும் ராட்சச வவ்வால்கள், கடிகாரக் கோபுரம், அப்புறம் தலையில் மட்டும் அடிபடும் டிராகுலா, அவன் விழுந்ததும் இரண்டாவது உருவம். ஒரே நாளில் முடியாது.

வருண்: திவ்யா அக்கா, புதன் வரைக்கும்?

திவ்யா அக்கா: திங்கள். அதுவும் யோசித்துச் சொல்கிறேன்.

சுந்தர் பெரியப்பா: எச்டிஎம்ஐ கேபிள் யாரிடம் இருக்கிறது? ரவி வருகிறான் என்றால் நானும் வருகிறேன்.