ஒரு மூடை எத்தனை கிலோ என்று தெரியாதவர்கள் தரவுத் தளம் கட்டப் போகிறார்களாம்

கொப்பிக்காரன் (வவுனிக்குளம்) – சனி, இரவு 8:12

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். இளம் ஆய்வாளர் ஒருவர் திரையில் படம் காட்டினார். "கூட்டு ஆய்வுத் தளம்" வருகிறதாம். குளத்து நீர்மட்டம், மழை, மண், நெல் விளைச்சல் எல்லாம் இணையத்தில் ஒரே இடத்தில் சேருமாம். வவுனியாவில் இருப்பவரும் பேராதனையில் இருப்பவரும் ஒரே அட்டவணையில் வேலை செய்யலாமாம். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதற்கு முன்னும் பின்னும் வன்னியில் என்ன விளைந்தது என்று மூன்று மாதத்தில் சொல்லிவிடுவாராம்.

சரி, நல்ல விசயம். அடுத்த படத்தில் "1 மூடை = 66 கிலோ" என்று போட்டாரே, அங்கேதான் எனக்கு விசர் வந்தது. வவுனிக்குளத்துக் கீழ் நான் விற்ற மூடை எல்லாம் 75 கிலோ. இதுகூடத் தெரியாதவருக்கு எதற்குத் தளம்?

பாலைமரம் (கிளிநொச்சி) – 8:31

அண்ணை, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். அது சும்மா மாதிரிக்கு ஒரு வரி. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பதிவில் 66 என்று இருந்தது, அப்படியே போட்டுவிட்டார். எங்கள் பதிவு வந்தால் 75 என்று மாற்றுவார். இதற்குப் போய் ஒரு பதிவா?

கொப்பிக்காரன் – 8:36

மாற்றுவார் என்றால் பிழை என்று ஒத்துக்கொள்கிறீர். முதலே 75 போட்டிருக்கலாமே.

மழைமானி – 8:50

ஒரு சின்னக் கேள்வி. தளம் என்று எதைச் சொல்கிறோம்? கூகுள் அட்டவணையைப் பத்துப் பேர் திறந்து வைத்திருப்பது வேறு, ஆய்வுத் தளம் வேறு. செனோடோ என்று ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்ன் 2013இல் தொடங்கிய இடம் தரவைப் பத்திரமாக வைக்கும் களஞ்சியம். 2005இல் வந்த கேலக்ஸி அப்படியில்லை. மரபணுத் தரவை உலாவியிலேயே ஏற்றி, அங்கேயே கருவிகளை ஓட்டி, எந்தப் படிக்குப் பிறகு எந்தப் படி செய்தோம் என்ற வரலாற்றோடு இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அவர் அதே படிகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். கிளிநொச்சியில் சொன்னது இந்த இரண்டில் எது? அது தெரிந்தால்தானே பேசலாம்.

கொப்பிக்காரன் – 8:54

எதுவாகவும் இருக்கட்டும் தங்கச்சி. அதற்குள் 66 என்று போட்டால் 66தானே வெளியில் வரும்?

முறிகண்டிக் கச்சான் – 9:02

அண்ணை சொல்வது சரி. பொதி 100 கிராம் என்று விற்கிறேன், உள்ளே எத்தனை கிராம் என்று பிள்ளையாருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் ஒரு தளம் கட்டித் தாருங்கள்.

ஸ்காபரோ சித்தப்பா – 9:15

சிரிக்காதீர்கள் பிள்ளைகள். நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று 1999இல் இதே மாதிரித்தான் போனது. ஒரு பக்கம் பவுண்டுக் கணக்கில் விசையைக் கொடுத்தது, மறுபக்கம் அதை நியூட்டன் என்று நினைத்து வாசித்தது. கலம் செவ்வாய்க்கு அளவுக்கு மிஞ்சிக் கிட்டப் போய்த் தொலைந்தது. எண் சரி, அலகு பிழை. நான் இங்கே 30 வருசமாகத் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன், எனக்குத் தெரியும்.

பாலைமரம் – 9:21

சித்தப்பா, நீங்கள் வேலை செய்வது பிஸ்கட் தொழிற்சாலையில் என்று போன மாதம் நீங்களே எழுதினீர்கள்.

ஸ்காபரோ சித்தப்பா – 9:24

பிஸ்கட்டுக்கும் எடை உண்டு தம்பி.

வடமராட்சியான் – 9:40

வன்னியில்தான் மூடைக் குழப்பம் என்றில்லை. நாங்கள் பரப்பில் சொல்வோம், 16 பரப்பு ஒரு ஏக்கர். நீங்கள் ஏக்கரில் சொல்வீர்கள். வெளியில் கேட்பது ஹெக்டேயரில். எல்லாரும் ஒரே அலகுக்கு வராமல் இணைப்பு நடக்காது. இதில் யாழ்ப்பாணத்து அனுபவத்தைக் கேட்டால் நல்லது.

கொப்பிக்காரன் – 9:43

வந்துவிட்டீர்களா. முதலில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கேட்டீர்கள், இப்போது தரவும் வேண்டுமா?

வடமராட்சியான் – 9:47

நான் அலகைப் பற்றிக் கதைத்தேன். தண்ணீரை இழுத்தது நீங்கள். குளத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தி 2018இல் வேலை முடித்தார்களே, குடிக்கக் கேட்டவனுக்குக் கிடைத்தது என்ன?

கொப்பிக்காரன் – 9:52

சிறுபோகத்தில் வந்து வயலைப் பாருங்கள். கடைவாய்க்கால்காரனுக்குத் தண்ணீர் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அந்த இரண்டு அடியைப் பற்றிக் கதையுங்கள்.

முறிகண்டிக் கச்சான் – 9:55

மூடை குளத்துக்குள் விழுந்துவிட்டது. யாராவது தூக்குங்கள்.

பாலைமரம் – 10:10

நான் கையால் வேலை செய்தவன், அதனால் சொல்கிறேன். மூடை ஒரு பிரச்சினையே இல்லை, ஒரு பெருக்கலோடு முடியும். போன வருசம் பழைய விளைச்சல் கோப்புகள் கொஞ்சம் கைக்கு வந்தன. திறந்தால் வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற இரண்டு இரவு போனது. மாற்றிப் பார்த்தால் முத்தையன்கட்டு ஒரு குளம், முத்தையங்கட்டு ஒரு குளம், முத்தயன்கட்டு இன்னொரு குளம். கணினிக்கு மூன்றும் வேறு வேறு. அதற்குத்தான் குளத்துக்கு ஒரு நிலையான இலக்கம் வேண்டும் என்கிறோம்.

வெளியிலும் இதே கதைதான். எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதி என்று நினைத்து மார்ச் 1, செப்டம்பர் 2 என்று மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே அந்தப் பெயர்களை மாற்றியது.

கொப்பிக்காரன் – 10:14

மரபணுவின் பெயர் மாறலாம். மூடை 75.

வடமராட்சியான் – 10:16

பாமினியைக் குறை சொல்ல வேண்டாம். இத்தனை வருசம் தமிழில் அடித்துத் தந்தது அதுதான்.

பாலைமரம் – 10:18

குறை சொல்லவில்லை ஐயா. ஒருங்குறி வந்து எத்தனை வருசம், இன்னும் பாமினியில் அடிக்கிறார்களே என்றுதான்.

வடமராட்சியான் – 10:20

நான் இன்றைக்கும் பாமினி விசைப்பலகையில்தான் அடிக்கிறேன். இதையும் அதில்தான் அடித்தேன். விளங்காமலா போனது?

மழைமானி – 10:33

ஐயா, விசைப்பலகை வேறு, எழுத்துக் குறியீடு வேறு. சரி, விடுங்கள்.

நான் மூடைக்கே வருகிறேன், அப்போதாவது யாரும் வாசிப்பீர்களா பார்ப்போம். ஏக்கருக்கு 30 மூடை என்று வையுங்கள். மூடை 75 என்றால் ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 5,560 கிலோ. 66 என்றால் 4,890. இடையில் 670 கிலோ. அந்த அளவில் கொப்பிக்காரன் அண்ணை கோபப்படுவது நியாயம்தான், உரம் நிறுத்திய போகத்தில் விளைச்சல் குறைந்ததா, மூடை குறைந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும்.

ஆனால் 75 என்பதும் முழுக் கதை இல்லை. எந்த ஈரத்தில் 75? வெட்டு இயந்திரத்திலிருந்து இறங்கிய நெல் 20 வீத ஈரத்தில் 75 கிலோ என்றால் உள்ளே காய்ந்த சரக்கு 60 கிலோதான். அதே நெல்லை 14 வீதத்துக்குக் காயவிட்டால் 70 கிலோகூட நிற்காது. அதனால் எண்ணோடு அலகு, ஈரம், தராசில் நிறுத்த தேதி மூன்றும் சேர்ந்து போக வேண்டும். தரவைத் தேடிக் கண்டுபிடிக்க, எடுக்க, இணைக்க, மறுபடி பயன்படுத்த முடியவேண்டும் என்று 2016இல் வந்த ஃபேர் கொள்கைகள் சொல்வதும் இதைத்தான்.

கொப்பிக்காரன் – 10:39

கண்டீர்களா, நான் சொன்னது நியாயம் என்று தங்கச்சியே எழுதிவிட்டா.

மழைமானி – 10:40

அடுத்த பந்தியையும் வாசியுங்கள் அண்ணை.

முறிகண்டிக் கச்சான் – 10:44

ஈரம் என்றதும் ஞாபகம் வந்தது. பாலைமரம் தம்பி, காலபோக வெட்டுக்கு வாங்கிப் போன என் ஈரமானி எங்கே?

பாலைமரம் – 10:45

அதை உள்பெட்டியில் கதைப்போம்.

முறிகண்டிக் கச்சான் – 10:46

நாலு மாதமாக உள்பெட்டியில்தான் கதைக்கிறோம்.

கொப்பிக்காரன் – 11:05

எல்லாரும் என்னைப் பழைய ஆள் என்று நினைக்கிறீர்கள். என்னிடம் அப்பாவின் கொப்பி இருக்கிறது. நீல மட்டை, மூலையைக் கறையான் தின்றது. ஒவ்வொரு போகமும் எந்த வயலில் எத்தனை மூடை, குளம் எத்தனை அடியில் வாய்க்கால் திறந்தது, எந்தக் கிழமை அறக்கொட்டிப் பூச்சி விழுந்தது என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். 2009இல் வீட்டுக் கதவு நிலை வரை போன இடத்தில் இது அம்மாவின் சீலைப் பைக்குள் கிடந்து தப்பியது. அவர் விட்ட இடத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

சில வருசத்துக்கு முன் ஒரு மாணவர் வந்தார். தேத்தண்ணி கொடுத்தோம், கொப்பியைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்தார். பிறகு கட்டுரை வந்தது. "உள்ளூர் விவசாயி ஒருவரின் குறிப்புகள்" என்று ஒரு வரி. அப்பாவுக்குப் பெயர் இல்லையா? அந்தக் கட்டுரையிலும் மூடையை அவருடைய இஷ்டத்துக்குக் கிலோவாக்கியிருந்தார்.

மழைமானி – 11:17

இது பெரிய பிழை, நான் அந்த மாணவர் பக்கம் நிற்கமாட்டேன். செனோடோ போன்ற இடத்தில் கொப்பியை ஒரு தரவுத் தொகுப்பாக ஏற்றினால் அதற்கென்று நிலையான இலக்கம் கிடைக்கும். ஆசிரியர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரைப் போடலாம். பெயர் சொல்லித்தான் பயன்படுத்த வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதலாம். நான் வந்து ஏற்றித் தருகிறேன். மூடை என்ற சொல்லை அப்படியே வைப்போம், கிலோவை அட்டவணையில் வேறு பத்தியில் போடுவோம்.

ஸ்காபரோ சித்தப்பா – 11:20

உந்தக் கொப்பியை ஸ்கான் பண்ணி எனக்கு அனுப்புங்கள், இங்கே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

கொப்பிக்காரன் – 11:22

ஒருவருக்கும் தரமாட்டேன். அந்த வேறு பத்தியில் 75 என்று போடுவீர்களா, மாட்டீர்களா? அதைச் சொல்லுங்கள்.

மழைமானி – 11:26

நிறுத்த எடையைப் போடுவேன்.

கொப்பிக்காரன் – 11:27

அப்படியென்றால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

பாலைமரம் – 11:30

அண்ணை, உங்கள் வீட்டில் இப்போது மூடை இருக்கிறதுதானே? ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்களேன். முடிந்தது கதை.

கொப்பிக்காரன் – ஞாயிறு, காலை 6:48

வைத்தேன். விதைநெல் மூடை, நான் கட்டியது, நான் தைத்தது. 73.4 காட்டுகிறது.

பாலைமரம் – 6:55

அப்போ 75 இல்லை.

கொப்பிக்காரன் – 7:01

66ம் இல்லை. மாசி தொடக்கம் மூலையில் காய்ந்து கிடந்த மூடை, கட்டும்போது 75. போதாததற்கு இந்தத் தராசு கச்சானிடம் வாங்கியது.

மழைமானி – 7:09

காய்ந்ததால் குறைந்தது என்று இப்போது நீங்களே...

முறிகண்டிக் கச்சான் – 7:10

என் தராசுக்கு என்ன குறை? மில்லுக்குக் கொண்டு போனால் சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கிறார்களே, அதைக் கேட்டீர்களா? சாக்கோடு நிறுத்தீர்களா, இல்லாமலா?

வடமராட்சியான் – 7:18

நான் இரவு கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இரணைமடுவில் கூட்டிய இரண்டு அடி யாருக்கு?

கொப்பிக்காரன் – 7:20

சாக்கோடு. எல்லாரும் சாக்கோடுதான் நிறுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் படம் காட்டியவர் எந்தச் சாக்கில் 66 நிறுத்தார் என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள். வயலுக்குப் போய் வந்து மிச்சத்தை எழுதுகிறேன், வாய்க்காலில் தண்ணீர் முறை எனக்கு.