பற்றரியில் நன்றாக ஒலிக்கும் பெடல் அடப்ரரில் மங்குவது ஏன்?

குருநகர்க் கிற்றார்:
வணக்கம். தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். 1980களில் ஜப்பானில் தயாரான, கிற்றார் ஒலியை முரடாக்கும் டிஸ்ரோர்ஷன் பெடல் ஒன்றை அண்மையில் ஒருவரிடம் வாங்கினேன். புதிய 9 வோல்ற் பற்றரியில் ஒலி நிறைவாக வருகிறது. ஆனால் அடப்ரரைச் செருகினால் சிவப்பு விளக்கு மங்கி, ஒலியும் நலிந்து, அழுத்தி மீட்டும்போது கரகரத்து அறுந்துபோகிறது. அடப்ரரை மல்ரிமீற்றரால் அளந்தேன்: 9.2 வோல்ற், நடுமுனை எதிர்முனை. ஆகவே பழுது பெடலில்தான் என்று அஞ்சுகிறேன். ஞாயிறு திருப்பலிக்கு முன் வழி சொல்வீர்களா?

சுண்டுக்குளி வாசகர்:
தம்பி, பழைய பெடல்களில் மின் வடிகட்டும் கொள்ளளவி உலர்ந்துவிடுவதுண்டு. அதை மாற்றிப் பாருங்கள்.

கொக்குவில் திருத்துநர்:
அண்ணா சொல்வது பல பெடல்களுக்குப் பொருந்தும். ஆயினும் வடிகட்டல் குறைந்திருந்தால், நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பான 100 ஹேர்ட்ஸ் இரைச்சல்தான் முதலில் கேட்கும். தம்பி இரைச்சல் பற்றி எதுவும் எழுதவில்லை. தம்பி, பெடலின் அடியிலோ செருகுதுளை அருகிலோ ‘ஏசிஏ’ (அக்காலத்து அடப்ரர் வகை ஒன்றின் பெயர்) என்ற எழுத்துகள் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது பழுதே அல்ல. அவ்வகை அடப்ரர்கள் மின்னழுத்தம் சீராக்கப்படாதவை, 9 வோல்ற்றுக்கு மேலேயே கொடுப்பவை. அந்த மிகையைக் குறைப்பதற்காக, அடப்ரரின் எதிர்முனைப் பாதையில் ஒரு தடையியையும் ஓர் இருவாயியையும் (டயோட்) பெடலின் உள்ளே வைத்திருப்பார்கள். இன்றைய சீராக்கப்பட்ட 9 வோல்ற்றும் அதே பாதையால் போவதால் சுற்றுக்குக் குறைவாகவே எஞ்சுகிறது. பற்றரி அந்தப் பாதையால் போவதில்லை. அடப்ரரைத் தனியே அளந்ததில் இது தெரியவராது. பெடலை இயக்கியபடி உள்ளே, சுற்றின் நேர்முனைக்கும் கிற்றார் செருகுதுளையின் உலோகக் கழுத்துக்கும் இடையில் அளக்க வேண்டும்.

குருநகர்க் கிற்றார்:
‘ஏசிஏ’ என்றே இருக்கிறது, அண்ணா! உள்ளே அளந்தால் 6.1 வோல்ற் மட்டுமே. சுற்றில் கைவைக்காமல் வழி உண்டா?

கொக்குவில் திருத்துநர்:
உண்டு. உங்களிடம் ‘பிஎஸ்ஏ’ வகைப் பெடல், அதாவது சீராக்கப்பட்ட 9 வோல்ற் அடப்ரருக்கென்றே செய்த, அந்தத் தடையியும் இருவாயியும் இல்லாத பெடல் ஏதாவது இருந்தால், ஒரே அடப்ரரிலிருந்து கிளைவயரால் இரண்டுக்கும் மின் கொடுத்து, வழமைபோல் அவற்றைக் கிற்றார் வயரால் இணையுங்கள். இரண்டாவது பெடலின் புவித்தொடுப்பு வழியே எதிர்முனை நேராக வந்துவிடும். தடையி, இருவாயி இரண்டும் விலக்கப்படும். ஆனால் இப்படி இணைத்திருக்கும்போது 12 வோல்ற் அடப்ரரை ஒருபோதும் செருகாதீர்கள். குறைப்பதற்கு எதுவும் இல்லாமல் முழு அழுத்தமும் இரண்டு பெடல்களிலும் ஏறும்.

குருநகர்க் கிற்றார்:
டிலே பெடலோடு இணைத்தேன். விளக்கு பளிச்சென்று எரிகிறது, உள்ளே 9.1 வோல்ற். மிக்க நன்றி அண்ணா.