3 மணிக்குக் கூவும் சேவலும் பக்கத்து வீட்டு நித்திரையும்

இரவுக்கடமை (கிளிநொச்சி) எழுதியது:

நான் தாதி. மாதத்தில் பாதி நாட்கள் இரவுக் கடமை. எங்கள் காணி முன்பு அரை ஏக்கராக இருந்தது. பாதி அக்காவுக்குச் சீதனமாகப் போனது. அவர் தன் பங்கில் ஒரு துண்டை விற்றுவிட்டார். வாங்கியவர்களின் வளவுக்கும் என் படுக்கையறைக்கும் நடுவே இப்போது ஒரு தகர வேலியும் ஒரு முருங்கை மரமும்தான். அந்த முருங்கையில் ஒரு செஞ்சேவல் ஏறிப் படுக்கிறது. என் யன்னலிலிருந்து 10 அடி இருக்கும். வீட்டில் இருக்கும் இரவுகளில் 3.10க்கு முதல் கூவல். 5 நாட்கள் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். 20 நிமிடத்துக்கு மேல் வித்தியாசமில்லை. கடமை முடிந்து காலை எட்டரைக்கு வந்து படுத்தால் வேலியோரம் நின்று மறுபடியும் கூவுகிறது. மருந்தின் அளவைப் பிழையாக வாசித்துவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொரு குப்பியையும் இரண்டு தடவை பார்க்கிறேன். சேவலை வளர்க்கும் பக்கத்து வீட்டு அம்மா தனியாக இருப்பவர், நல்ல மனுசி. சேவலைக் கூட்டில் அடையுங்கள் என்று அவரிடம் கேட்பது பிழையா?

விசுவமடு அக்கா எழுதியது:

பிழை என்றுதான் சொல்வேன், தங்கச்சி. கோபிக்க வேண்டாம். போரில் இடம்பெயர்ந்து இருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து 2010இல் நாங்கள் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது, வளவெல்லாம் பற்றை. தறப்பாளுக்குக் கீழே படுத்த முதல் இரவில் என்னைப் பயப்படுத்தியது அந்த விடியற்காலைதான். நாய் குரைக்கவில்லை, கோழி கூவவில்லை. விடியப் போகிறதா, நடுச்சாமமா என்று தெரியாமல் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு நிவாரணத்தில் கொஞ்சக் குஞ்சுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று நாலரை மாதத்தில், தொண்டை உடைந்த குரலில், பாதிக் கூவல் கூவியது. அடுப்பூதிக்கொண்டிருந்த அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். மறுபடி கூவும்வரை அங்கேயே நின்றார். இன்று என்னிடம் 12 பேடும் 2 சேவலும் இருக்கின்றன. மகளின் வகுப்புக் காசு ஊர்க்கோழி முட்டையில்தான் வருகிறது. அந்தச் சத்தத்தை அடைத்து வை என்று ஒருவர் வந்து சொன்னால் என் நெஞ்சு தாங்காது.

நெடுங்கேணித் தம்பி எழுதியது:

அக்கா, உங்கள் வலிக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இந்தத் தாதி அக்காவின் வலியும் வலிதான். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது. நித்திரை மனிதருக்குத் தேவை என்பதை நாடே ஏற்றுக்கொண்ட பிறகு, கோழிக்கு மட்டும் ஏன் விலக்கு? முதலில் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது, சட்டத்தரணி வேண்டாம், செலவும் இல்லை. வேலிச் சண்டை வெட்டுக்குத்தில் முடிவதைத் தடுக்கத்தான் அது இருக்கிறது.

விசுவமடு அக்கா எழுதியது:

தம்பி, அந்தத் தீர்ப்பு ஒலிபெருக்கிக்கு. சேவலுக்கு யாரும் அனுமதி எடுப்பதில்லை. பிரான்சில் ஒலெரோன் தீவில் மொரிஸ் என்ற சேவல்மேல் வழக்குப் போட்டார்கள். 2019இல் நீதிமன்றம் சேவலின் பக்கம் நின்றது. நாட்டுப்புறத்துச் சத்தங்களையும் மணங்களையும் பாரம்பரியமாகக் காக்க 2021இல் அங்கே சட்டமும் வந்தது. வெள்ளைக்காரனுக்கே விளங்கியது நமக்கு விளங்கவில்லையா?

நெடுங்கேணித் தம்பி எழுதியது:

அங்கே வழக்குப் போட்டவர்களுக்கு அது விடுமுறைக்கு வந்துபோகும் வீடு. இந்த அக்கா அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே படுப்பவர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

குருமன்காட்டு வாசி (வவுனியா) எழுதியது:

சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும். குஞ்சு வேண்டாம் என்றால் சேவல் எதற்கு? எங்கள் ஒழுங்கையில் வீடுகள் ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. பேடு மட்டும்தான் வளர்க்கிறோம். விற்றுவிடச் சொல்லுங்கள்.

மாங்குளம் ஐயா எழுதியது:

கால்நடைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தையும் பாசத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுச் சேவலைப் பார்ப்போம்.

சேவல் விடிந்ததைப் பார்த்துக் கூவுவதில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மாறாத மங்கல் வெளிச்சத்தில் அடைத்து வைத்த சேவல்களும் நாளுக்கு நாள் அதே நேரத்தை ஒட்டியே கூவின. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வழக்கமாக வெளிச்சம் வருவதற்கு ஏறக்குறைய 2 மணித்தியாலம் முன்பே தொடங்கிவிடும். ஆக, நம் ஊரில் 4 மணிக் கூவல் இயல்பானது. அதை யாராலும் நிறுத்த முடியாது. 3.10தான் எனக்கு இடிக்கிறது. வெளிச்சம் பட்டாலும், இன்னொரு சேவல் கூவினாலும் இது கூவும். பிள்ளை, அந்த முருங்கையில் இரவில் ஏதாவது மின்குமிழ் வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தூரம். சேவலின் வாயருகே சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 10 அடியில் படுக்கும் சேவலை 80 அடிக்குக் கொண்டுபோனால் 18 டெசிபல் குறைந்துவிடும். காதுக்கு அது கால்வாசிச் சத்தம்போலக் கேட்கும். மரத்தில் படுப்பதை நிறுத்திக் கூட்டில் அடைத்தால் மரநாயிடமிருந்தும் தப்பும். கூரை தாழ்வாக இருக்க வேண்டும். கழுத்தை நிமிர்த்தி நீட்டினால்தான் முழுக் கூவல் வரும். ஆனால் காற்று கட்டாயம் போக வேண்டும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சித்திரை வைகாசி வெக்கையில் பலகைப் பெட்டிக்குள் மூடினால் விடியக் கூவாது, செத்துக் கிடக்கும். சாக்குப் படங்கை வெளிச்சம் வரும் பக்கத்துக்கு மட்டும் கட்டி, மற்றப் பக்கங்களுக்குக் கம்பிவலை அடித்தால் போதும். கழுத்தைச் சுற்றிக் கட்டும் பட்டி விற்கிறார்கள். வாங்காதீர்கள், தயவுசெய்து. இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்ந்தால் அலகோ காலோ சிக்கும்.

இரவுக்கடமை எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். முருங்கையில் வெளிச்சம் விழுகிறது. அது எங்கள் கிணற்றடி மின்குமிழ். நான் இரவில் வந்து போகிறேன் என்று பாம்புக்குப் பயந்து விடியும்வரை எரியவிடுகிறேன். சேவல் படுக்கும் கொப்பில் இலை இலையாக எண்ணலாம், அவ்வளவு வெளிச்சம்.

நெடுங்கேணித் தம்பி எழுதியது:

அதனால் பிழை முழுவதும் அக்காவுடையதாகிவிடாது. காலை எட்டரை மணிக் கூவலுக்கும் மின்குமிழுக்கும் தொடர்பில்லை. அந்தச் சேவலை விற்கவோ கறி வைக்கவோ என்ன தடை?

இரவுக்கடமை எழுதியது:

தடை இருக்கிறது, தம்பி. இன்று பின்னேரம் வேலிப் பொட்டுக்குள்ளால் அந்த அம்மாவோடு கதைத்தேன். அது வைரவருக்கு நேர்ந்துவிட்ட சேவல். மகன் வெளிநாடு போய்ச் சேர்ந்தால் கோவிலில் விடுவதாக வைத்த நேர்த்தி. மகன் இன்னும் வழியில் எங்கோ இருக்கிறான், 2 மாதமாகத் தொடர்பில்லை. “பிள்ளை, இது கூவினால்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்கு ஒரு நினைப்பு” என்றார். எனக்கு அதற்குமேல் வாய் எழவில்லை. நானும் என் பாட்டைச் சொன்னேன், மருந்துக் குப்பியைப் பற்றிச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பகலில் படுப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதாகத்தான் நினைத்திருக்கிறார்.

விசுவமடு அக்கா எழுதியது:

தங்கச்சி, கேட்பது பிழை என்று முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் கேட்டது நல்லது. சேவலை விற்கச் சொல்வதை மட்டும் இப்போதும் ஏற்க மாட்டேன்.

இரவுக்கடமை எழுதியது (2 வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிணற்றடி மின்குமிழைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம் அடித்து, வெளிச்சம் படிக்கட்டில் மட்டும் விழும்படி திருப்பினேன். என் தம்பி இரண்டு நாள் மினக்கெட்டு அம்மாவின் மேற்கு வேலியோரம் கூடு அடித்துக் கொடுத்தான். முதல் மூன்று இரவும் சேவல் முருங்கைக்கே ஓடியது. பொழுதுபட்டதும் கடகத்தால் மூடிப் பிடித்துக் கூட்டில் விட்டோம். இப்போது தானாகவே போகிறது. நேற்று 4.05க்குக் கூவியது. கேட்டது, ஆனால் திரும்பிப் படுத்தேன்.

பகல் இன்னும் சரிவரவில்லை. கடமைக்குப் போய்வந்த நாட்களில் பத்தரை மணிவரை கூட்டைத் திறக்காமல் வைத்திருக்க அம்மா சம்மதித்திருக்கிறார். வெயில் ஏறினால் திறந்துதான் ஆக வேண்டும், அதை நானே சொல்லிவிட்டேன். என் கடமைப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிக் கூட்டுக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

நெடுங்கேணித் தம்பி எழுதியது:

அக்கா, சம்மதித்ததைக் கிராம அலுவலர் முன்னிலையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த வளவு இன்னொருவர் கைக்குப் போனால் வாய்ப்பேச்சு நிற்காது.

விசுவமடு அக்கா எழுதியது:

இன்னொருவர் வந்தால் அவரோடும் கதைக்கலாம், தம்பி. இந்த அம்மாவிடம் கையெழுத்துக் கேட்க வேண்டாம்.

இரவுக்கடமை எழுதியது:

கேட்க மாட்டேன். இன்றிரவு கடமை. பட்டியலில் நாளைய திகதியை அவரே சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார்.