பைத்தியத் தேன்: ஆஸ்பத்திரி தேவையா, வீட்டில் படுத்திருந்தால் போதுமா?

மலைத்தேனீ:
பைத்தியத் தேன், அதாவது ரோடோடென்ட்ரான் என்ற மலைப்பூவின் தேன், சாப்பிட்டுத் தலைசுற்றினால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறீர்கள், கதிர். துருக்கியில், கருங்கடலை ஒட்டிய டிராப்சோன் பக்கம், பிரஷருக்கும் வயிற்றுவலிக்கும் அதில் ஒரு ஸ்பூன் சாப்பிடுவது தலைமுறை வழக்கம். அளவு கூடினால் தலைசுற்றல், வாந்தி. ஒரு நாளில் தானாகத் தெளியும். கி.மு. 400 வாக்கில் கிரேக்கத் தளபதி செனபோனின் படையே அங்கு இதைத் தின்று சுருண்டது. ஒருவர்கூடச் சாகவில்லை. இதற்குப் போய் ஈசிஜி, அட்மிஷன் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

கதிர்:
செனபோனின் ஆட்கள் போர்வீரர்கள். இன்று இந்தத் தேனால் எமர்ஜென்சிக்கு வருபவர்களில் அதிகம் பேர், ஆண்மைக்கு நல்லதென்று சாப்பிட்ட நடுவயது ஆண்கள். ரோடோடென்ட்ரான் பூவிலிருந்து வரும் கிரேயானோடாக்சின் என்ற விஷம், நரம்பிலும் இதயத்திலும் செல்லுக்குள் சோடியத்தை விடும் வாயில்களை மூடவிடாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு ஓயாமல் தூண்டப்பட்டு, பல்ஸ் நிமிடத்துக்கு 40க்கும் கீழே போகலாம். எழுந்து பாத்ரூம் போகும்போது மயங்கி விழுந்து மண்டை உடைந்தால்? ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுபவர் என்றால் இன்னும் ஆபத்து.

செவ்வந்தி:
எங்கள் ஊர்ப்பக்கம் பூச்சிமருந்து குடித்தவர்களும் இப்படித்தான் வருவார்கள்: வியர்வை, எச்சில், வாந்தி, குறைந்த பல்ஸ். எப்படிப் பிரித்துப் பார்ப்பது, கதிர் அண்ணா?

கதிர்:
நல்ல கேள்வி, தங்கச்சி. பூச்சிமருந்தில் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், நெஞ்சில் சளி கட்டும், தசை துடிக்கும், மருந்து வாடையும் அடிக்கும். தேன் விஷத்துக்குச் சாதாரண ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை கிடையாது. “கடைசி சில மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்ற கேள்விதான் டெஸ்ட். அதைக் கேட்காவிட்டால் ஹார்ட் அட்டாக் என்று நினைத்து வேறு வழியில் போய்விடுவார்கள்.

மலைத்தேனீ:
கண்டுபிடித்த பிறகு கொடுப்பது சலைனும், பல்ஸை ஏற்றும் அட்ரோபின் ஊசியும்தானே? அட்ரோபின் அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராமிலேயே பலர் எழுந்து உட்காருகிறார்கள். பிறகு எதற்குப் படுக்கை?

கதிர்:
அட்ரோபின் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், விஷம் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கலாம். லேசான கேஸைச் சில மணி நேரம் மானிட்டரில் பார்த்து அனுப்பலாம், ஒப்புக்கொள்கிறேன். ஈசிஜியில் ஹார்ட் பிளாக் (ரத்தக்குழாய் அடைப்பு அல்ல, இதயத்தின் மின்சாரத் துடிப்பு தடைபடுவது) தெரிந்தால் ஒரு நாளாவது வைத்துத்தான் ஆக வேண்டும். அபூர்வமாக, இதயத்தைத் துடிக்கவைக்கும் தற்காலிக பேஸ்மேக்கர் கருவியே தேவைப்படும்.

மலைத்தேனீ:
சரி, பிளாக் இருந்தால் படுக்கட்டும். அதற்காக அந்த மலைக்காரர்களின் தேனையே விஷம் என்று ஒதுக்க மாட்டேன்.

கதிர்:
ஒதுக்க வேண்டாம். ஆனால் சாப்பிட்டுத் தலைசுற்றினால் வண்டி ஓட்டாமல், துணைக்கு ஆளோடு, மீதித் தேனையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.